கை எட்டிய கிளைகளில் மட்டும்

பழத்தில் கொட்டை இருந்தது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

மட்டாஞ்சேரி பஜாரில் என் அக்காவின் கணவருக்கு ஒரு சின்னப் பழக்கடை உண்டு. ஆப்பிள், மாதுளை, ஆரஞ்சு எல்லாம் எந்தக் கடையிலும் கிடைப்பவைதான். ஆடி முதல் ஐப்பசி வரை அவர் கடையில் மட்டும் பெர்சிமன் இருக்கும். பார்க்கத் தக்காளி மாதிரி, தலையில் நான்கு இதழ் காய்ந்த தொப்பியோடு இருக்கும். குன்னூர்ப் பக்கம் ஒரு மலைத்தோட்டத்திலிருந்து வரும். அதைப் பார்த்து, பறித்து, பெட்டி கட்டி அனுப்புவது என் வேலை.

எனக்கு நிலையான வேலை என்று ஒன்று இருந்ததில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். ஆலுவா ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கினேன். குஜராத் கரையில் மீன்படகுக்கு ஐஸ் உடைத்தேன். கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் சுக்கு சலித்தேன். ஒரே இடத்தில் ஒரு வருடம் இருந்தால் கால் அரிக்கும். மலைக்கும் கடலுக்கும் நடுவே போய்வருகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வருடம் செய்தேன். அது நின்றுபோனதற்கு நான்தான் காரணம்.

மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் புதிய ஆள் வந்தால் ஒரு பெர்சிமனை எடுத்து, படுக்க வைத்து, குறுக்கே வெட்டிக் காட்டுவார். நடுவில் எட்டுக் கால் நட்சத்திரம் ஒன்று தெளிவாகத் தெரியும். “படைச்சவன் உள்ள போட்ட கோலம்” என்பார். ஊர் பார்க்க வந்தவர்கள் உடனே போனில் படம் எடுப்பார்கள். அந்த ஒரு வெட்டில்தான் பழமே விற்றது. நான்காவது வருடம் அந்த நட்சத்திரத்தின் கால்களில் பழுப்பு நிறக் கொட்டைகள் அதிகமாகிவிட்டன. கத்தி மாட்டியது, பழம் பிய்ந்தது.

“எடா, ஆளுக்கு நட்சத்திரத்தக் காட்டவா, கொட்டையக் காட்டவா?” என்று கேட்டார். “ஓட்டல்காரச் சேட்டன் இனி வேண்டாம்னு சொல்லிட்டான். அடுத்த வருஷம் கொட்டையில்லாதது கொண்டா. இல்லாட்டி நீ மலையேறவே வேண்டாம், இங்க இருந்து வெங்காயம் பொறுக்கு.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ வெங்காயம் பொறுக்கிக்கொண்டு ஒரே கடையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அந்தத் தோட்டத்தில் மூன்று விதமான மரங்கள் இருந்தன. தட்டைப் பழம் காய்க்கிற மரங்கள்தான் அதிகம். அந்தப் பழத்தை ஆப்பிள் மாதிரிக் கடித்துத் தின்னலாம், நட்சத்திரம் உள்ளதும் அதுதான். நீளப் பழ மரங்கள் கொஞ்சம். நீளப் பழம் கூழாகக் கனிந்த பிறகுதான் இனிக்கும், அதற்குமுன் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும். வேலியோரம் யாருக்கும் வேண்டாத ஒற்றை மரம் ஒன்று இருந்தது. எலுமிச்சை அளவில் காய்த்து, உள்ளே கொட்டையாக நிறைந்திருக்கும். கொண்டைக்குருவிகள்தான் அதைத் தின்றன.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு கணவன் மனைவி. ஐம்பதைத் தாண்டியவர்கள். நான் அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். அவர் என்னை “பாய்” என்பார். அவர்தான் மரங்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். நீளப் பழ மரம் வேலைக்காரி, தட்டைப் பழ மரம் மகாராணி. வேலைக்காரிக்கு மழையும் பனியும் ஒன்றுதான், பூத்தால் பூத்தது அத்தனையும் காயாக நிற்கும். மகாராணி அப்படியில்லை. ஒரு வருடம் கிளைக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும், மறு வருடம் பூத்ததில் பாதியைக் கீழே போட்டுவிடும். ஏன் போட்டாள் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்வோம். போன வருடம் அதிகம் சுமந்துவிட்டாள், சாணம் கூடிப்போய்த் தளிரிலேயே தெம்பு போய்விட்டது, பூக்கிற நேரத்தில் மூடுபனி என்று ஏதாவது ஒன்று. எந்தக் காரணமும் இரண்டு வருடம் சேர்ந்து நின்றதில்லை.

அவர்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டுக்காரன் ‘என்ன’ என்று கேட்காத முதல் வீடு இதுதான் என்று அண்ணி சொல்வார். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஒரு பேரிக்காய் மரம். வீடும் தோட்டமும் பெங்களூரில் இருக்கிற ஓர் அம்மாவுடையவை. தோட்டம் காய்க்கிறவரை இவர்கள் அங்கே இருக்கலாம் என்பது பேச்சு. காய்க்காவிட்டால் விடுதி கட்ட இடம் கேட்டு நிற்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அண்ணன் ஒருமுறை சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கப் போய் விழுந்தவர். இடுப்பு சரியாகச் சேரவில்லை. ஏணியில் இரண்டு படிக்குமேல் அவரால் ஏற முடியாது. அந்த உடம்புக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது. இது எனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும்.

மச்சான் அப்படிச் சொன்ன பிறகு மேட்டுப்பாளையம் பேருந்தில் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு பெர்சிமனுக்குப் போனது. கொட்டை வருகிறதென்றால் பக்கத்தில் ஆண் பூ பூக்கிற மரம் ஒன்று இருக்கும், தேனீ அதிலிருந்து மகரந்தம் கொண்டுவரும், அது இல்லையென்றால் கொட்டை இருக்காது என்றார். மணியைப் போலச் சின்னப் பூ, மூன்று மூன்றாகத் தொங்கும், சில மரம் ஆண் பூவோடு காயும் காய்க்கும் என்றார். வேலியோர மரத்தின் பூ அப்படியேதான் இருக்கும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினார். காரமடை வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்.

மார்கழியில் மரங்கள் இலையுதிர்த்து நின்றபோது அண்ணனிடம் அந்த மரத்தை வெட்டச் சொன்னேன். அவர் தயங்கினார். அண்ணி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். “அந்த மரம் உங்ககிட்ட சோறு கேட்டுச்சா? அது பாட்டுக்கு நிக்கட்டுமே” என்றார். கொட்டையுள்ள பழத்தை இனி மட்டாஞ்சேரியில் எடுக்கமாட்டார்கள் என்று நான் சொன்னேன். அந்த இடுப்போடு அண்ணனே இரண்டு நாள் வெட்டினார். நான் கயிறு பிடித்தேன். அடிமரத்தின் நடுவே கரியாகக் கறுத்த வைரம் இருந்தது. விறகாக்க மனமில்லை என்று அதில் ஒரு துண்டை எடுத்துத் தன் அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில் மரங்கள் பூத்தன. பூத்த ஒரு வாரமும் மழை. பிறகு வெயில் வந்தது, பூக்கள் வாடின, அவற்றின் அடியில் கோலிக்குண்டு அளவில் காய்கள் தெரிந்தன. எல்லாம் சரியாகிவிட்டதென்றே நினைத்தோம். சித்திரை நடுவில் உதிரத் தொடங்கியது. தொப்பியோடு விழும். காய்ந்த சருகின்மேல் டப் டப் என்று பகலெல்லாம் சத்தம். வேலைக்காரியிடமிருந்து ஒன்றுகூட விழவில்லை. மகாராணிகள் இருபது நாளில் வெறும் இலையாக நின்றார்கள். ஒரு மரத்துக்குக் கைக்கூடை நிறையக்கூடத் தேறாது.

பெங்களூர் அம்மா வந்து குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். கத்தவில்லை. அடுத்த வருடமும் இப்படி என்றால் தன்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றார், அவ்வளவுதான். அண்ணன் மழையைக் காட்டினார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க. மழைதான்” என்றேன்.

அப்போது எனக்கு உண்மை தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாது என்று சொல்வதும் பொய். மழையென்றால் வேலைக்காரி எப்படி நின்றாள் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அந்த வருடம் கடைக்கு நீளப் பழம்தான் அதிகம் வந்தது. தட்டையில் நான்கு பெட்டி. மச்சான் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. கொட்டையே இல்லை, நட்சத்திரம் மாத்திரம் சுத்தமாக இருந்தது. “இதுதான் பழம்” என்று என் முதுகில் தட்டி, சாயா வாங்கிக் கொடுத்தார். பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை வீட்டில் அக்கா கனியாத நீளப் பழம் ஒன்றைத் தெரியாமல் கடித்துவிட்டாள். வாயைக் கோணிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

“இது நம்ம பனச்சிக்காய் மாதிரியே நாக்கப் பிடிக்குதேடா” என்றாள்.

பனச்சிக்காயை எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் இடித்து அதன் பாலை வலைக்கும் பலகைக்கும் பூசுவார்கள். உப்புத்தண்ணீரில் உளுத்துப்போகாமல் இருக்க. சின்ன வயதில் நாங்கள் பொறுக்கிக்கொண்டுபோய்க் கொடுப்போம். அக்கா சும்மா பேசிக்கொண்டே போனாள். “காயல் பக்கம் ஒண்ணு நின்னுச்சே, ஓர்மையுண்டா? பூத்துப் பூத்துக் கொட்டும், ஒரு காய் வராது. வெட்டப் போனப்ப படகுக்காரங்க எல்லாரும் சேந்து சண்டைக்கு வந்தாங்க. அத வெட்டினா மத்த மரம் மலடாகும்னு.”

எனக்கு ஓர்மை இருந்தது. அந்த மரத்தில் ஏறி விளையாடியவனே நான்தான். பேருந்தில் அந்த மனிதர் சொல்லாமல் இறங்கிப்போன மீதிப் பாதி இதுதான் என்று புரிந்தது. கொட்டை பிடித்தால்தான் மகாராணி காயைப் பிடித்துவைத்துக்கொள்வாள். கொட்டையில்லாத காயை உதறிவிடுவாள். வேலைக்காரிக்கு அது தேவையில்லை, கொட்டை இல்லாமலே அவள் சுமப்பாள். பழத்தின் நட்சத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் போய் அந்த வீட்டுக்கே கோடரி வைத்துவிட்டேன்.

போன் போட்டு அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். பல நாள் போனை எடுத்து எண்ணை அழுத்தினேன். எடுத்ததும் அவர் அங்கே மழையா என்று கேட்பார், நானும் மழை பற்றிப் பேசுவேன், வைத்துவிடுவேன். சொல்லிவிட்டால் வெட்டிய மரம் வந்துவிடுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், அந்த இருவரும் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் இருந்தது. ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு, போனால் ‘சாப்டியா’ என்று கேட்கிற வீடு இரண்டே. ஒன்று அக்கா வீடு. இன்னொன்று அது.

கொச்சங்காடிக் கிடங்கில் லாரிக்குக் காத்திருந்த ஒரு மதியம் போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. பாஷையும் புரியவில்லை. குச்சி நுனியில் இறகு கட்டி, பொடியில் தொட்டு, பெர்சிமன் பூவுக்குள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். புரிவதற்கு அங்கே பாஷை தேவைப்படவில்லை. மறுநாளே கோழிக்கடையில் போய் மென்மையான இறகாகப் பார்த்துப் பொறுக்கினேன். கோழி வாங்காமல் இறகு பொறுக்குகிறான் என்று மச்சான் பஜார் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பங்குனியில் பூப்பதற்கு முன்பே மலைக்குப் போய்விட்டேன். இரண்டு மலை தாண்டி ஒரு பழைய பங்களா வேலியில் ஆண் பூ மரம் ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். காவலுக்கு இருந்தவர் பீடிக்கட்டு வாங்கிக்கொண்டு பூப்பறிக்க விட்டார். பறித்த பூவை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, தாளில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். தட்டினால் கொஞ்சம்போல மஞ்சள் பொடி விழுந்தது.

“என்ன பாய் அது?” என்று அண்ணன் கேட்டார்.

“பூவுக்கு மருந்து. கொச்சியில குடுத்தாங்க” என்றேன்.

அவர் நம்பினார். அந்த வருடம் பூக்கிற நேரத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. வானம் கழுவிவைத்தது போல இருந்தது. “இந்த வருஷம் மருந்தே வேண்டாம் பாய், வெயில் ஒண்ணே போதும்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் விடியற்காலை முதல் இருட்டும்வரை இறகோடு நின்றேன். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் மகரந்தம் ஏற்கும். கழுத்து பிடித்துக்கொண்டது. பொடி குறைவாக இருந்தது. உச்சிப் பழத்தைத் தொரட்டியால் பறித்துவிடலாம், பூவுக்குள் இறகு வைக்கக் கை எட்ட வேண்டும். அங்கிருந்த ஒரே ஏணியில் இரண்டு படிகள் இல்லை, சரிவில் நிற்கவும் இல்லை. ஒருமுறை ஏறினேன், சறுக்கியது, இறங்கிவிட்டேன். கிளையை வளைத்து எட்டியவரை தடவினேன். மேலே இருந்ததை வெயிலிடமும் தேனீக்களிடமும் விட்டுவிட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பினேன்.

சித்திரைக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டார். “ஒரு தடவ வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நான் போனபோது அவர் ஒரு மகாராணிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கையில் கறுப்புப் பிடி போட்ட அந்த அரிவாள். என்னை அருகில் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். என் விரல் தொட்ட உயரம் வரைக்கும் கிளையெல்லாம் காய் நின்றது, பச்சையாக, கொத்துக்கொத்தாக. அதற்கு ஒரு சாணுக்கு மேலே ஒன்றும் இல்லை. அடுத்த மரத்திலும் அப்படியே. கோடு கிழித்த மாதிரி. காய் நின்ற கிளைகளுக்கும் நிற்காத கிளைகளுக்கும் ஒரே வெயில், ஒரே சாணம், ஒரே வருடம்.

“மருந்து எது பாய்?” என்று கேட்டார்.

சொன்னேன். பேருந்தில் வந்த நாற்றுப்பண்ணைக்காரரிலிருந்து பனச்சி வரை எல்லாம் சொன்னேன். அரிவாளின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப தெரியும்?”

“போன ஆவணியில.”

அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வருஷம் முழுக்க மழையத் திட்டினோமே, பாவம் அந்த மழ” என்றார். பிறகு, “உங்க ஆத்தா உங்கள இன்னும் ரெண்டு முழம் ஒசரமாப் பெத்திருக்கலாம் தம்பி” என்றார். சிரிப்பதற்குச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பெங்களூர் அம்மா ஆனி மாதம் வந்தார். வரும்போது நானும் இருந்தேன். அவர் குள்ளமானவர். நடந்த வழியெல்லாம் முகத்துக்கு நேரே காய் தொங்கியது. மேலே பார்க்கவில்லை. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றார். அண்ணன் மரம் வெட்டிய கதையைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவா, தன் வீட்டைக் காப்பாற்றவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் கார் போன பிறகு அண்ணன் சொன்னார். “பங்களா மரத்துல குச்சி வெட்டி ஒட்டு போட்டிருக்கேன். அது பூக்க நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இறகுதான். நாங்க பாத்துக்கறோம். பெட்டிய நானே பஸ்ஸுல ஏத்தி விடறேன்.” நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்க வரவேண்டாம் பாய்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். கிளம்புவதற்கு முன் அண்ணிக்கு இறகைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். பொடியில் லேசாகத் தொட வேண்டும், பூவின் நடுவில் ஒரு சுற்று, அவ்வளவுதான். அவர் இரண்டு தரம் செய்துபார்த்துவிட்டு, ஈட்டியைச் செருகுவது போல இறகைத் தகரக் கூரையின் இடுக்கில் செருகி வைத்தார். சோறு சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

இப்போது கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கிலேயே இருக்கிறேன். கால் அரிக்கிறது, ஆனால் போவதற்கு இடம் யோசித்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. பெட்டிகள் பாலக்காடு வழியாக ஆலுவா வரை பேருந்திலும் அங்கிருந்து லாரியிலும் வருகின்றன. அவற்றில் என் பெயருக்கு ஒன்றும் இருக்காது. முதல் வருடம் வந்த தட்டைப் பழமெல்லாம் வெளுத்த மஞ்சள். கீழ்க்கிளை நிழலில் பழுத்தது அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றிலும் கொட்டை. மச்சான் வழக்கம்போல ஏசினார். இனி வரும் பழமெல்லாம் இப்படித்தான், கொட்டையோடு வந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு என்றேன். நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஏசிக்கொண்டே வாங்கினார்.

இந்த வருடம் ஆடியில் முதல் பெட்டி வந்ததும் நானே திறந்தேன். வெளுத்த பழங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து பழங்கள் வேறு நிறத்தில் இருந்தன. நல்ல செம்மஞ்சள், ஒரு பக்கம் சிவப்பே ஏறியிருந்தது. நாள் முழுக்க வெயில் படுகிற உச்சிக் கிளையில்தான் அந்த நிறம் வரும். ஆறு வருடம் பறித்தவன் நான், அது எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினேன். கத்தி கொட்டையில் மாட்டியது.

அண்ணன் போட்ட ஒட்டு இன்னும் பூத்திருக்காது. அப்படியென்றால் யாரோ இறகோடு மேலே ஏறியிருக்கிறார்கள். அண்ணனால் இரண்டு படிக்குமேல் ஏற முடியாது, அங்கே வேறு ஆள் என்றால் அண்ணி மட்டும்தான். அந்த ஏணிக்கு இரண்டு படிகள் இல்லை, சரிவில் நிற்கவும் நிற்காது.

மச்சான் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து, நல்ல நிறமாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எண் அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.